தவளக்குப்பத்துத் துருவக் கரடி

வட துருவத்தின் எதிர்காலம் இனிமேல் புதுச்சேரியின் கையில் இருக்கிறது என்று முசியே அர்மான் ஜூலை பதினான்காம் தேதி சாயங்காலம் அறிவித்தார். அறிவித்தபோது அவருடைய ஒரு கையில் குச்சியில் தொங்கும் காகித விளக்கும் மற்றொரு கையில் பாதி கடித்த கட்லெட்டும் இருந்தன. பிரெஞ்சு தேசிய தினத்துக்காகக் கூடியிருந்த முன்னாள் சிப்பாய்கள் சங்கத்தார் கைதட்டினார்கள். விளக்கு ஊர்வலம் கிளம்ப நேரமாகிவிட்டிருந்தது. கைதட்டினால் முடித்துக்கொள்வார் என்று எண்ணினார்கள். அவர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு மேலும் கால்மணி நேரம் பேசினார்.

பேச்சின் சாரம் இது. துருவத்தில் பனி உருகுகிறது. வெள்ளைக் கரடிகள் எங்கே போகின்றன, எவ்வளவு தூரம் நீந்துகின்றன, எங்கே குட்டி போடுகின்றன என்று தெரியாமல் விஞ்ஞானிகள் தவிக்கிறார்கள். அதற்காகக் கரடிக்கு மயக்க ஊசி போட்டு, அது எழுந்திருப்பதற்குள் கழுத்தில் ஒரு பட்டை மாட்டுகிறார்கள். பட்டையில் ஒரு பெட்டி. பெட்டி செயற்கைக்கோளோடு பேசும், செயற்கைக்கோள் பிரான்சில் இருக்கும் துலூஸ் நகரத்தோடு பேசும், துலூஸ் உலகத்தோடு பேசும். அந்தப் பட்டையை இனி அரியாங்குப்பத்தில் நாம் செய்யப்போகிறோம்.

அன்றைய தேதியில் உண்மை நிலவரம் என்னவென்றால், துலூஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. மாதிரி ஒன்று செய்துகாட்டினால் பார்க்கிறோம் என்று அதில் இருந்தது.

அர்மான் பத்தொன்பது வருஷம் துலூஸில் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "சாட்டிலைட்" என்பார், அதற்குமேல் கேட்பது நாட்டு ரகசியத்தில் கைவைப்பது போன்ற ஒரு முகத்தோடு. விலங்குகளுக்கு மாட்டும் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியில் பார்சல் கட்டும் பிரிவில் இருந்தார். கரடிப் பட்டை, திமிங்கிலத்துக்கான வில்லை, கொக்குக்கான முதுகுப்பை எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் வைத்து, பஞ்சு அடைத்து, கனடாவுக்கா நார்வேக்கா என்று பார்த்துச் சீட்டு ஒட்டி அனுப்புவார். பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒட்டிய சீட்டு ஒன்றுகூடத் தப்பான ஊருக்குப் போனதில்லை. அதைச் சொல்லி அவர் நியாயமாகப் பெருமைப்பட்டிருக்கலாம். ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அரியாங்குப்பத்தில் ஒரு ஷெட் எடுத்துத் தோல் பட்டறை வைத்தார். ஒன்பது பேர் வேலை. சனி ஞாயிறு பெங்களூரிலிருந்து கடற்கரைக்கு வருகிறவர்கள் வாங்கும் செருப்பு, கைப்பை, நாய்ப் பட்டை. முதல் மூன்று வருஷம் நன்றாக ஓடியது. பிறகு அதே செருப்பு ஆன்லைனில் பாதி விலைக்கு வர ஆரம்பித்தது. அவருடைய மனைவி மதாம் க்ளெமான்ஸுக்குப் பிரான்சில், லியோனில் மகள், மகளுக்கு இரண்டு பிள்ளைகள். குருசுக்குப்பம் வீட்டில் காலையில் காப்பி குடிக்கும்போது மதாம் ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார்: கரடி ஆர்டர் வந்தால் பட்டறையை நடத்துங்கள், ஜனவரி முடிவதற்குள் வராவிட்டால் ஷெட்டைக் கொடுத்துவிட்டு மகளிடம் போவோம். ஷெட்டைக் கேட்டு ஒரு டைல்ஸ் கடைக்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்.

இந்தக் கெடு பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். கலைவாணிக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தோல் வெட்டுவதும் தைப்பதும் அவள்தான். மற்ற எட்டுப் பேரும் அவள் சொன்னபடி செய்வார்கள். தவளக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வேறு பட்டறைகளில் ஆண்கள்தான் கத்தி பிடிப்பார்கள், பெண்களைப் பசை தடவ வைப்பார்கள். இங்கே மட்டும்தான் அவள் கையில் கத்தி இருந்தது.

ஆகஸ்டில் துலூஸிலிருந்து பார்சல் வந்தது. அனுப்பியவர் நத்தாலி என்கிற எஞ்சினியர், முப்பது வயதுக்காரி. உள்ளே செங்கல்லில் பாதி அளவுக்கு ஒரு பெட்டி, அதோடு சேர்ந்த ஒரு பூட்டு. பூட்டில் தேதி வைத்துவிட்டால் அந்தத் தேதியில் பட்டை தானாகவே கழன்று விழும். கரடி ஆயுசு முழுக்க அதைச் சுமக்க வேண்டியதில்லை. கூடவே எட்டுப் பக்கக் குறிப்பு. அதை அர்மான் எல்லோரையும் உட்காரவைத்துப் பிரெஞ்சில் உரக்கப் படித்து, தமிழில் அதைவிட உரக்க விளக்கினார்.

பட்டை பெண் கரடிக்கு மட்டும்தான் என்று குறிப்பு சொன்னது. ஆண் கரடிக்குத் தலையைவிடக் கழுத்து பருமன். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் தலையைக் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். பெண் கரடிக்குத் தலை கொஞ்சம் பெரிது, ஆனால் கொஞ்சம்தான். இறுக்கினால் கழுத்து புண்ணாகும், தளர்த்தினால் தலைவழியாக நழுவிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவே விரற்கடை அளவுதான் இடம். யாருடைய பட்டை அந்த இடத்தில் நிற்கிறதோ அவர்களுக்கு ஆர்டர். மூன்று நாட்டில் மூன்று பட்டறைகள் முயற்சி செய்கின்றன, நீங்கள் நான்காவது.

கலைவாணி நான்கு மாதத்தில் பதினொரு பட்டை வெட்டினாள். பதினொன்றாவதில் உட்பக்கம் வளைவாக, கழுத்தின் மேட்டில் ஒட்டி, தொண்டைப் பக்கம் விட்டுக்கொடுக்கிற மாதிரி இரண்டு அடுக்கு வைத்துத் தைத்திருந்தாள். கையில் வாங்கிப் பார்த்த அர்மான், எந்தக் கருவியையும் முதலில் மனிதன் மேல் பரிசோதிப்பதுதான் விஞ்ஞான மரபு என்று சொல்லித் தன் கழுத்தை நீட்டினார். அவருக்காகத் தனியாக நான்கு துளை போட்டு மாட்டினாள். அர்மானுடைய கழுத்து தோளிலிருந்து காது வரை ஒரே பருமனாக ஏறும் ரகம். பதக்கம் வாங்குகிறவர் மாதிரி அவர் மெல்லத் தலை குனிந்தார். பட்டை பெட்டியோடு அவர் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது.

அன்று சாப்பாடு கொண்டுவந்திருந்த மதாம் க்ளெமான்ஸ் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் தெளிவா எழுதியிருக்காங்களே," என்றார், "ஆம்பளைக்கு நிக்காதுன்னு."

கட்டைவிரலில் மூன்று நாள் கட்டு இருந்தது. சங்கத்தார் இரும்புக் குண்டு உருட்டிப் பெத்தாங்க் ஆடுகிற இடத்தில் கேட்டவர்களிடம் ஆராய்ச்சியில் ஏற்பட்ட காயம் என்று அர்மான் சொன்னார். அது பொய்யும் இல்லை.

அடுத்து ஒரு விலங்கு வேண்டியிருந்தது. முப்பது நாள் ஒரு பெரிய விலங்கின் கழுத்தில் மாட்டிப் பார்த்துத் தகவல் அனுப்பும்படி நத்தாலி கேட்டிருந்தாள். குதிரை அல்லது அது மாதிரி ஏதாவது ஒன்று போதும் என்றிருந்தாள். அர்மான் குதிரை தேடினார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர், மாப்பிள்ளை ஏறும்போது கழுத்தில் பெட்டி தொங்கினால் பெண் வீட்டார் சும்மா இருப்பார்களா என்று கேட்டார். பிள்ளைச்சாவடிக்கு அந்தப் பக்கம் குதிரையேற்றம் சொல்லித் தரும் இடத்தில், பிடரிமயிர் தேய்ந்துவிடும் என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஆகவே "அது மாதிரி ஏதாவது ஒன்று" என்ற பகுதிக்கு அர்மான் வந்து சேர்ந்தார்.

கலைவாணியின் பெரியப்பா கன்னியப்பன் தவளக்குப்பத்தில் எருமை வைத்திருக்கிறார். பகலில் டவுனில் ஒரு அப்பார்ட்மென்டுக்கு வாட்ச்மேன். எருமை அதற்கு முன்னும் பின்னும். ஒரு கிடேரி இருந்தது, இன்னும் பால் மாடாகவில்லை. கலைவாணி போய்க் கழுத்தை அளந்து பார்த்தாள். குறிப்பில் பெண் கரடிக்குப் போட்டிருந்த அளவுக்கும் இதற்கும் இரண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதைக் கேட்டதும் அர்மான், இயற்கை ஒரே அச்சில் வார்த்த இரு ஜீவன்கள் என்று ஏதோ சொன்னார்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை அர்மான் வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டு காரில் தவளக்குப்பம் போனார். கன்னியப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்குச் சில சந்தேகங்கள்தான் இருந்தன.

"அந்தக் கரடி எவ்ளோ பெருசு இருக்கும்?"

"உன் கிடேரி அளவுக்கு இருக்கும் பெரிப்பா," என்றாள் கலைவாணி.

"கலரு?"

"வெள்ளை."

கன்னியப்பன் கிடேரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது கருப்பாச்சே. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

நிறம் விஞ்ஞானத்துக்கு அப்பாற்பட்டது என்று அர்மான் விளக்கினார். கன்னியப்பன் ஒத்துக்கொண்டார். பட்டையை மாட்டினார்கள். கிடேரி ஒரு தடவை தலையை உதறிவிட்டு வைக்கோலுக்குத் திரும்பியது. கன்னியப்பனின் மனைவி வந்து பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். பெட்டியின் மேல் இருந்த துளைகள் அடைபடாதபடி கலைவாணி பார்த்துப் பார்த்துக் குங்குமத்தை ஓரமாகத் துடைத்துவிட்டாள்.

தினமும் சாயங்காலம் கலைவாணி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போவாள். நத்தாலி அனுப்பிய தாளில் மூன்று கட்டம் இருந்தது. பட்டை எவ்வளவு நீண்டிருக்கிறது. தோலில் முடி உதிர்ந்திருக்கிறதா. தலைவழியாக நழுவியதா. மூன்றாவதுதான் முக்கியம் என்று அதன் அடியில் நத்தாலி இரண்டு கோடு போட்டிருந்தாள். டார்ச் அடித்து, விரலை உள்ளே விட்டுப் பார்த்து, கலைவாணி எழுதுவாள்: நழுவவில்லை. மறுநாளும் நழுவவில்லை. கிடேரி மரத்தில் உரசியது, வேலிக்குள் தலையை விட்டு எடுத்தது, இன்னொரு எருமையோடு முட்டிக்கொண்டது. நழுவவில்லை. ராத்திரி படுக்கும்போது அவள் மனதில் சின்னதாக ஒரு திமிர் வர ஆரம்பித்தது. அந்தத் திமிருக்கு அவளுக்கு உரிமை இருந்தது; பட்டை அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அர்மானுக்கு வேறொரு வேலை இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பெட்டி வானத்துக்குத் தகவல் சொல்லும். துலூஸ் வழியாகச் சுற்றி அது ஒரு சிவப்புப் புள்ளியாக அவருடைய செல்போனுக்கு வரும். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தவளக்குப்பத்தில் எருமை எங்கே நிற்கிறது என்று கன்னியப்பனுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் அது பிரான்ஸ் வழியாக வரும்போது அர்மானுக்கு அதன் மேல் ஒரு மரியாதை ஏற்பட்டது. பெத்தாங்க் மைதானத்தில் பந்து உருட்டுவதற்கு இடையே அந்தப் புள்ளியைச் சங்கத்தாருக்குக் காட்டுவார். ஊர்ப் பெயர் தெரியாதபடி பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "நேற்று மூன்றரை கிலோமீட்டர் நடந்திருக்கிறாள்" என்பார். யார் நடந்தாள் என்று சொல்லமாட்டார்.

சங்கத்தில் லுயீஸ் என்று ஒருவர், பிரெஞ்சுப் படையில் அத்ஜுதானாக, அதாவது நம்ம சுபேதார் மாதிரிப் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். படையில் வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு விரலால் படத்தைச் சுருக்கினார்.

"அர்மான், உன் கரடி தவளக்குப்பம் சாராயக்கடைக்குப் பின்னால நிக்குதேப்பா."

அன்றிலிருந்து சங்கத்தில் அர்மானைக் கண்டதும் கரடி இன்றைக்கு எத்தனை ரவுண்டு என்று கேட்க ஆரம்பித்தார்கள். அது முன்னோட்டப் பரிசோதனை, உள்ளூர் விலங்கின் மேல் செய்யப்படுவது என்று அவர் கௌரவமாக விளக்கினார். என்ன விலங்கு என்றபோது, "பெரிய வகை," என்றார்.

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒருநாள் விடிந்ததிலிருந்து புள்ளி நகரவில்லை. எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் புதுத் தகவல் வரவில்லை. நான்கு மணிக்கும் வரவில்லை. அர்மான் பதறிப்போய்ப் பெட்டி செத்துவிட்டது, அல்லது எருமை செத்துவிட்டது, அல்லது பட்டை கழன்று எங்கோ கிடக்கிறது என்று மூன்று விதமாகக் கற்பனை செய்துகொண்டு காரை எடுத்தார். அரியாங்குப்பத்தில் கலைவாணியையும் ஏற்றிக்கொண்டார்.

மழை பெய்து குட்டை நிரம்பியிருந்தது. கிடேரி குட்டைக்குள் மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரியக் கிடந்தது. பெட்டி தண்ணீருக்கு அடியில்.

கன்னியப்பன் இவர்கள் ஓடிவருவதைப் பார்த்து எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எரும வேற எங்க முசியே இருக்கும்?" என்றார்.

தண்ணீருக்குள் போனால் செய்தி நின்றுவிடும் என்று குறிப்பிலேயே இருந்தது. கரடி நீந்தும்போதும் அப்படித்தான். ஊருக்குத் திரும்பும்போது அர்மான் அதைக் கடல்சார் பரிசோதனை என்று பெயர் மாற்றியிருந்தார். நத்தாலிக்கு அனுப்பிய வாராந்தரக் கடிதத்தில், விலங்கு பத்து மணி நேரம் நீரில் மூழ்கியிருந்தும் பட்டை இம்மியும் அசையவில்லை என்று எழுதினார். என்ன விலங்கு என்ற இடத்தில் 'பெரிய வளர்ப்பு மாட்டினம்' என்று போட்டார். எருமை என்று எழுதினால் அவ்வளவு நன்றாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலன்று காலை கன்னியப்பன் எல்லா எருமையையும் கழுவி, கொம்புக்கு வழக்கம்போல சிவப்பும் பச்சையும் அடிக்கத் தயாராக இருந்தபோது அர்மான் காரில் மூன்று பெயிண்ட் டப்பாவோடு வந்து இறங்கினார். லுயீஸையும் போட்டோ எடுப்பதற்காகக் கூட்டிவந்திருந்தார். கிடேரியின் கொம்பு அடியில் நீலம், நடுவில் வெள்ளை, நுனியில் சிவப்பு ஆனது. முன்னாள் அத்ஜுதான் வரிசை சரியாக இருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்தார். கலைவாணி பட்டையை ஈரத்துணியால் துடைத்தாள். கிடேரியை வாசலில் நிறுத்தி, நேர் முன்னாலிருந்து, பெட்டியும் பட்டையும் முகமும் கொம்பும் தெரிய, பக்கத்தில் அர்மான் மார்பில் கை வைத்து நிற்க, லுயீஸ் பதினேழு படம் எடுத்தார். பதினான்காவதில் எருமையும் அர்மானும் ஒரே சமயத்தில் கேமராவைப் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் முப்பதாவது நாள். விடியற்காலையில் தேதிப் பூட்டு சொன்னபடி திறந்து, பட்டை சாணிக் குவியல் மேல் விழுந்தது. கலைவாணி அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அளந்தாள். நான்கு மில்லிமீட்டர் நீண்டிருந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை. கிடேரியின் கழுத்தில் முடி அப்படியே இருந்தது. முப்பது கட்டத்தில் முப்பது நழுவவில்லை. தாளை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள்.

இரண்டு நாளில் நத்தாலியிடமிருந்து பதில் வந்தது. மற்ற மூன்று பட்டறைகளின் பட்டையும் குதிரையின் மேல் இரண்டு தடவை, நான்கு தடவை, ஒன்பது தடவை என்று நழுவியிருக்கின்றன; ஒரு தடவைகூட நழுவாத பட்டையை இதுவரை பார்த்ததில்லை; கோப்பில் வைப்பதற்கு விலங்கின் படம் ஒன்று அனுப்புங்கள்; ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லிவிடுகிறேன். கலைவாணி இதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அன்று பட்டறையில் மசால் வடை வாங்கினார்கள். டைல்ஸ் கடைக்காரர் போன் செய்தபோது அர்மான் எடுக்கவில்லை. மதாம் க்ளெமான்ஸ், கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்த பயணப் பெட்டியை மறுபடி உள்ளே தள்ளினார்.

பதினான்காவது படம் துலூஸ் போனது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் பாராட்டு விழா. அர்மானே ஏற்பாடு செய்து, சங்கம் தனக்கு எடுப்பதாக அழைப்பிதழ் அடித்திருந்தார். முன்வரிசையில் பிரெஞ்சு தெரிந்த ஓய்வூதியக்காரர்கள், பின்வரிசையில் பட்டறை ஆட்களும் கன்னியப்பனும். கன்னியப்பன் வாட்ச்மேன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் பதினான்காவது படம் கதவு அளவுக்குப் பெரிதாக்கப்பட்டுத் தொங்கியது. லுயீஸ் சால்வை போர்த்தினார். இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் துருவத்துக்கும் இடையே ஒரு எருமை பாலமாக நிற்கிறது என்று ஒருவர் பேசினார். அர்மான் எழுந்து ஏற்புரை தொடங்கி இருபது நிமிஷம் ஆனபோது அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தார். துலூஸ். கையை உயர்த்தி அமைதி கேட்டார். ஏற்கெனவே அமைதியாகத்தான் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தக் கடிதத்தை உங்கள் முன்னிலையில்தான் முதல்முறையாகப் படிக்கிறேன் என்று சொல்லி, மைக்கை வாயருகே இழுத்து, பிரெஞ்சில் படித்தார். குரல் நன்றாக இருந்தது. அன்புள்ள அர்மான், படத்துக்கு நன்றி. பட்டையின் தையல் வேலை மிகச் சிறப்பு. உங்கள் விலங்கு மிக அழகாக இருக்கிறது, கொடியின் நிறங்களும். ஆனால் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரு விஷயத்தைக் கவனித்தோம்.

அடுத்த மூன்று வரியையும் அதே குரலில் படித்தார். படிக்கிற வேகத்தில் பொருள் அவருக்குக் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தது. முன்வரிசைக்கு முன்னாலேயே போய்விட்டது. லுயீஸ் இருமினார். ஒருவர் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு முன்வரிசை முழுக்கத் தலையைத் தூக்கி, மேடைக்குப் பின்னால் தொங்கிய படத்தைப் பார்த்தது. அர்மானும் திரும்பிப் பார்த்தார்.

பின்வரிசைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல செய்தி என்று நினைத்து இரண்டு பேர் கைதட்டி நிறுத்தினார்கள்.

கலைவாணி எழுந்து நின்றாள். "சார், என்னா எழுதியிருக்காங்க? நமக்கா?"

அர்மான் கண்ணாடியைக் கழற்றினார், மடித்தார், பையில் போட்டார். இரண்டாவது வரிசையிலிருந்து மதாம் க்ளெமான்ஸ்தான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தமிழில் சொன்னார்.

"உன் பட்டையில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா நழுவலைங்கறத அவங்க கணக்குல எடுத்துக்க முடியாதாம். கொம்பு புடிச்சிக்கிட்டு இருந்திருக்குது. கரடிக்குக் கொம்பு கெடையாதுல்ல."

கலைவாணி அந்தப் படத்தைப் பார்த்தாள். முப்பது நாள் சாயங்காலமும் டார்ச் அடித்தவள் அவள்தான்.

"வேற மாட்ல கட்டிக் காட்றோம்னு சொல்லுங்க மதாம்," என்றாள்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்ங்கறா. இந்த வருஷத்து ஆர்டர ரெண்டே தடவை நழுவினவங்களுக்குக் குடுத்துட்டாங்க."

கலைவாணி உட்கார்ந்தாள். அன்று ஜனவரி இருபத்தைந்து. கெடுவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது, ஆனால் மதாம் க்ளெமான்ஸ் வீட்டுக்குப் போனதும் பயணப் பெட்டியை மறுபடி வெளியே இழுத்தார். ஷெட் மார்ச் முதல் தேதியிலிருந்து டைல்ஸ் கடை. கலைவாணி வேறொரு பட்டறையில் சேர்ந்தாள், பசை தடவும் பகுதியில்.

விழா முடிந்து காப்பி கொடுக்கும்போது, தலையும் கழுத்தும் கொம்பும் பற்றி நான்கைந்து பேர் கன்னியப்பனுக்கு விளக்கினார்கள். அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, இதை யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்றார்.

அவருடைய எதிர்வீட்டில் கன்றிலேயே கொம்பு முளைக்காதபடி தீய்த்துவிட்ட சீமை மாடு இரண்டு இருக்கின்றன. அர்மான் தவளக்குப்பம் போன ஒவ்வொரு தடவையும் அவற்றை வழியிலிருந்து விரட்டிவிட்டுத்தான் காரை நிறுத்தினார்.